ஹாலில் ஒரு வண்டு: சத்தமில்லாத கேனிஸ்டர் ஃபில்டர் தேடிய கதை

"மாப்ள, ராத்திரி பூரா எங்கேயோ வண்டு குடையுற மாதிரி இருக்கு. உங்களுக்குக் கேக்கலையா?"

என் மாமியார் இப்படிக் கேட்டது 2025 பிப்ரவரியில். பெங்களூர் விவேக் நகரில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் பரீட்சைக்குப் படிக்கும் மகள். அத்தை ஹாலில் திவான் மேல் படுப்பார். அவர் தலைமாட்டிலிருந்து நாலடி தள்ளி மீன்தொட்டி. எனக்குக் கேட்கவில்லைதான். கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேனை நாலில் வைத்துத் தூங்குகிறவனுக்கு என்ன கேட்கும்? அன்று இரவு ஹாலில் பாயை விரித்துப் படுத்துப் பார்த்தேன். வண்டு எங்கும் இல்லை. தொட்டிக்கு அடியில் நான் ஆசையாக வாங்கி வைத்த கேனிஸ்டர் ஃபில்டர்தான், அதாவது தொட்டித் தண்ணீரை ஹோஸ் வழியே இழுத்து வடிகட்டித் திருப்பி அனுப்பும் மோட்டார் டப்பாதான், குடைந்துகொண்டிருந்தது.

அதைச் சரிசெய்ய நான்கு மாதம் ஆனது. முன்பெல்லாம் "சத்தமே வராத ஃபில்டர் எது?" என்று யாராவது கேட்டால் ஒரு பிராண்ட் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது, என்ன மாதிரி சத்தம் என்று திருப்பிக் கேட்கிறேன்.

இருந்த நிலைமை

தொட்டி மூன்றடி நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரம். கணக்குப்படி 159 லிட்டர் பிடிக்கும். மேலே விட்ட இடம், அடியில் மணல், நடுவில் மரக்கட்டை எல்லாம் கழித்தால் தண்ணீர் 130 லிட்டர் இருந்தால் அதிகம். நான்கு ஏஞ்சல், கொஞ்சம் பெரிய வகை டெட்ரா பத்து, அடியில் மேய ஆறு கோரிடோராஸ். நெரிசல் இல்லை.

ஃபில்டரின் பெயர் இங்கே வேண்டாம். பெட்டியில் மணிக்கு 1200 லிட்டர், 30 வாட் என்று போட்டிருந்தது. அதற்கு முன் தொட்டி மேலேயே உட்கார்ந்திருந்த டாப் ஃபில்டர் அருவி மாதிரி கொட்டிக்கொண்டே இருக்கும். அதற்குப் பயந்து கேனிஸ்டருக்கு மாறினேன். மாறுவதுதான் மாறுகிறோம், பெரியதாகவே இருக்கட்டும் என்று வாங்கியதுதான் முதல் தப்பு.

பெட்டியில் இருக்கும் லிட்டர் கணக்கு உள்ளே ஸ்பாஞ்சோ செராமிக் ரிங்கோ எதுவும் போடாமல், தண்ணீரை உயரத்துக்குத் தள்ள வேண்டிய வேலையும் இல்லாமல் எடுத்தது. நம் வீட்டில் என்ன வருகிறது என்பதை ஒரு பக்கெட் சொல்லிவிடும். தண்ணீர் திரும்பி வரும் ஹோஸை 10 லிட்டர் பக்கெட்டில் விட்டேன், 75 வினாடியில் நிரம்பியது. அதாவது மணிக்கு 480 லிட்டர். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பக்கெட்டைத் தரையில் வைத்து அளந்தால் தண்ணீர் தானாகக் கீழே இழுத்துக்கொண்டு ஓடும், கணக்கு பொய்யாக அதிகமாகத் தெரியும். ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு, ஹோஸின் வாயைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கே தூக்கிப் பிடித்து அளக்க வேண்டும். மனைவி பக்கெட்டைப் பிடிக்க, நான் ஹோஸைப் பிடிக்க, மகள் போனில் நேரம் பார்த்தாள். தரை ஈரமானதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை.

1200 என்று வாங்கியதில் கிடைத்தது 480. என் தொட்டிக்கு அதுவே போதுமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மணிக்கு நான்கு முதல் ஆறு தடவை தொட்டித் தண்ணீர் முழுவதும் சுற்றி வர வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. மீன் குறைவாகவும் ஃபில்டருக்குள் மீடியா, அதாவது அந்த ஸ்பாஞ்ச், ரிங் வகையறா, நிறையவும் இருந்தால் மூன்றரை தடவைகூட நன்றாகவே ஓடுகிறது. அப்படியானால் 30 வாட் மோட்டாருக்கு இங்கே என்ன வேலை?

காலண்டர் தாளில் ஒரு வாரம்

முதலில் எல்லோரையும் போல போனில் டெசிபல் ஆப் ஒன்றை இறக்கினேன். ஃபில்டர் ஓடினாலும் நின்றாலும் ஏறக்குறைய ஒரே எண்தான். ஃப்ரிட்ஜ், தெருவில் போகும் ஆட்டோ, என் மூச்சு எல்லாம் அதில் கலந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான அளவுகள் டிபிஏ என்ற கணக்கில் வரும். மனிதக் காது தாழ்ந்த ஒலியை மந்தமாகக் கேட்கும் என்பதால் அந்தக் கணக்கு அவற்றைக் குறைத்துக் காட்டும். 100 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 100 அதிர்வு) ஒலி என்றால் சுமார் 19 டெசிபல் தள்ளுபடி. ஃபில்டரின் ரீங்காரம் சரியாக அந்த 100 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. பெட்டியில் "இத்தனை டெசிபல்தான்" என்று போட்டிருப்பதை நம்பி வாங்கியவர் ராத்திரி விழித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஆப்பை அழித்துவிட்டு அத்தையிடமே போனேன். "எப்போ கேக்குது, எப்படிக் கேக்குதுன்னு ஒரு வாரம் எழுதி வைங்க அத்தை." தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதினார். என்னிடம் இன்னும் இருக்கிறது.

"11.40 ஙொய்ய்."
"1.15 களக். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி களக்."
"3 மணி கடகடகட. தானா நின்னுடுச்சு."
"கரண்ட் போச்சு. ரொம்ப மோசம். ஃபேனும் சேர்ந்துக்கிச்சு."

நான் ஒரே சத்தம் என்று நினைத்தது நான்காக இருந்தது. நான்குக்கும் வேறு வேறு காரணம். எந்தக் கருவியும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் கொடுத்திருக்காது.

களக்

இது காற்று. கேனிஸ்டர் என்பது மூடிய டப்பா. உள்ளே நுழைந்த காற்றுக் குமிழிகள் மேலே மோட்டார் தலைக்கடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். போதுமான அளவு சேர்ந்ததும், தண்ணீரைத் தள்ளுகிற குட்டிச் சக்கரமான இம்பெல்லர் அதை ஒரு விழுங்கு விழுங்கித் துப்பும். அதுதான் களக். எங்கிருந்து வருகிறது என்று ஹோஸ் இணைப்பெல்லாம் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கடைசியில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சும்மா வேடிக்கை பார்த்தபோது தெரிந்தது. ஏர் பம்ப்பின் காற்றைக் குமிழிகளாக விடும் ஏர் ஸ்டோனை உறிஞ்சு குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். பொடிக் குமிழிகள் வரிசையாக வளைந்து அந்தக் குழாய் வாயில் இருக்கும் ஜல்லடைக்குள் போய்க்கொண்டிருந்தன. ஏர் ஸ்டோனையே எடுத்துவிட்டேன். தண்ணீர் திரும்பி வரும் துளைக் குழாயான ஸ்ப்ரே பாரைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே இறக்கி, துளைகள் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி திருப்பினேன். மேற்பரப்பு சிலுசிலுவென்று அசைந்தாலே ஆக்சிஜன் கிடைத்துவிடும். ஏர் பம்ப்பின் சத்தமும் சேர்ந்து ஒழிந்தது.

ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டாலும் களக் வரும். உறிஞ்சுகிற பக்கம் அழுத்தம் குறைந்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றே வெளியே வந்துவிடும். இங்கே நானே செய்த ஒரு மடத்தனத்தையும் எழுதிவிடுகிறேன். வேகத்தைக் குறைத்தால் சத்தம் குறையும் என்று உறிஞ்சும் பக்கத்து வால்வைப் பாதி மூடினேன். சத்தம் குறையாததோடு, உள்ளே கடுகு தாளிப்பது போலப் படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் தண்ணீர் திரும்பிப் போகிற பக்கத்து வால்வைத்தான் திருக வேண்டும்.

கடகட

2024 கோடையில் பெங்களூரில் தண்ணீருக்குப் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். போர்வெல் வற்றி, எங்கள் தெருவில் டேங்கர் தண்ணீர்தான். கொதிக்கவைத்த பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியுமே, அதே உப்பு. மீன் செத்துவிடுமோ என்றுதான் அப்போது கவலைப்பட்டேன், ஃபில்டரைப் பற்றி யோசிக்கவில்லை.

மோட்டார் தலையைக் கழற்றி இம்பெல்லரை வெளியே எடுத்தபோது, அந்தக் காந்த உருளையைச் சுற்றி விபூதி பூசினாற்போல ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தது. இம்பெல்லர் ஒரு மெல்லிய செராமிக் கம்பியில், அதாவது ஷாஃப்டில் சுற்றும். அந்த ஷாஃப்டின் இரு முனையிலும் மிளகு அளவுக்கு ரப்பர் குப்பி இருக்க வேண்டும். என்னுடையதில் ஒரு முனையில் இல்லை. எப்போதோ கழுவும்போது சிங்க்கில் போயிருக்கும். ஒரு பக்கம் பிடிப்பில்லாத ஷாஃப்ட், உப்புப் படிந்த உருளை, நிமிஷத்துக்கு 3000 சுற்று. கடகடக்காமல் என்ன செய்யும்?

வினிகரில் தண்ணீர் கலந்து இரண்டு மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு போய்விடும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். இம்பெல்லர் உட்காரும் குழியையும் பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும், பாதிப் படலம் அங்கேதான் இருக்கும். எல்லாவற்றையும் நன்றாக அலசிவிட்டு மாட்டுங்கள்.

உப்பு போனது. ரப்பர் குப்பி கிடைக்கவில்லை. சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் இரண்டு கடை ஏறி இறங்கினேன். "சார், இதுக்கு ஷாஃப்ட் தனியா வராது. மோட்டார் ஹெட் முழுசா மாத்தணும்" என்றார் கடைக்காரர். தலையின் விலை முழு ஃபில்டர் விலையில் பாதிக்கு மேல். புதிது வாங்கலாம் என்ற எண்ணம் வந்தது அந்தக் கடை வாசலில்தான்.

ஙொய்ய்

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுழற்சியிலும் மோட்டாரின் கம்பிச்சுருள் காந்தத்தை இரண்டு தடவை இழுக்கும். ஆக வினாடிக்கு 100 அதிர்வு. ஐந்து கட்டை சுருதி வைத்த தம்பூராவின் மந்தர ஸட்ஜம் 98 சொச்சம் என்பதால், என் ஃபில்டர் சற்றே சுருதி விலகிய தம்பூரா. அத்தை சின்ன வயதில் பாட்டு கற்றவர். அவருக்கு எரிச்சல் அதிகமானதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

இந்த ஒலியை மோட்டாரிலிருந்து ஒழிக்க முடியாது, பரவாமல் தடுக்கலாம். ஸ்டாண்டின் அலமாரி ப்ளைவுட். அதன் தரையில் கேனிஸ்டர் நேராக உட்கார்ந்திருந்தது, பின்பலகையை ஹோஸ் தொட்டுக்கொண்டிருந்தது, ஸ்டாண்டின் கால் திவான் கட்டையில் இடித்துக்கொண்டிருந்தது. ஒரு பொடி மோட்டாருக்குப் பலகையும் சுவரும் கட்டிலும் சேர்ந்து குடமாக அமைந்துவிட்டன. மனைவியின் பழைய யோகா பாயை வெட்டி இரண்டு மடிப்பாகக் கேனிஸ்டருக்கடியில் போட்டேன். பலகையிலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட்டேன். ஹோஸ் போகிற ஓட்டையில் பஞ்சு சுற்றினேன். திவானை ஒரு சாண் தள்ளிப் போட்டேன். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. அன்றைய காலண்டர் தாளில் "ஙொய் கொஞ்சம் தூரமா போயிடுச்சு" என்று இருந்தது.

கரண்ட் போனால்

இதுதான் என்னைக் கடைசிவரை சுற்றவிட்டது. சில ராத்திரி மட்டும் மோசம், சில ராத்திரி பரவாயில்லை. தாளில் "ஃபேனும் சேர்ந்துக்கிச்சு" என்று அத்தை எழுதியிருந்ததை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. ஃபேனுக்கும் ஃபில்டருக்கும் பொதுவானது இன்வர்ட்டர். எங்கள் வீட்டில் இருந்தது பழைய ஸ்கொயர் வேவ் வகை. மின்சாரம் வளைந்து ஏறி இறங்குவதற்குப் பதில் படிக்கட்டு மாதிரி சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும். மோட்டாருக்கு அது ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டு. 100 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தோடு அதைவிட உயர்ந்த, காதுக்கு நன்றாக எட்டும் சுரங்களும் சேர்ந்துகொள்ளும். மோட்டார் சூடும் ஆகும்.

ஃபில்டரை இன்வர்ட்டர் இல்லாத பிளக்கில் மாட்டிவிடலாமே என்றான் தம்பி. மாட்டலாம். ஆனால் கேனிஸ்டர் மூடிய டப்பா என்பதை மறக்கக் கூடாது. தண்ணீர் ஓடாவிட்டால் உள்ளே மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் சில மணி நேரத்தில் சாக ஆரம்பிக்கும். அப்புறம் கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் போகும். நெடுநேரம் நின்றிருந்தால் திறந்து, மீடியாவைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பிறகுதான் ஓட்ட வேண்டும். நள்ளிரவில் யார் எழுந்து செய்வது? பேட்டரியை வைத்துக்கொண்டு இன்வர்ட்டரை மட்டும், மின்சாரம் வளைந்து ஏறி இறங்கும் சைன் வேவ் வகைக்கு மாற்றினேன். இந்தக் கதையிலேயே பெரிய செலவு அதுதான், பெரிய பலனும் அதில்தான். ஃபேன் உறுமலும் நின்றதால் வீட்டில் எதிர்ப்பு எழவில்லை.

எதை வாங்குவது

இத்தனைக்கும் பிறகு பழைய ஃபில்டர் பகலில் கேட்கவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் மெல்லிய ஙொய்யும் ரப்பர் குப்பி இல்லாத நடுக்கமும் இருந்தன. மாற்றத்தான் வேண்டும்.

என்னிடம் இருந்த அளவுகோல் இப்போது தெளிவு. வாட் குறைவாக இருக்க வேண்டும். ஷாஃப்ட், இம்பெல்லர், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தனித்தனியாகக் கிடைக்க வேண்டும். நான் ஊரில் இல்லாதபோது மனைவி திறந்து மூட முடிய வேண்டும். டெசிபல் எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அமெரிக்காவிலிருந்து வரவிருந்த மச்சான், "இங்க நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வரேன் அத்தான்" என்றான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. 3600 சுற்று சுற்ற வேண்டியது 3000தான் சுற்றும், அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். போதாததற்கு அந்த டிரான்ஸ்ஃபார்மரும் தன் பங்குக்கு ஙொய் போடும்.

மூன்று பெயர் மிஞ்சின. ஃப்ளூவல் 207 மணிக்கு 780 லிட்டர், 10 வாட், கையால் அமுக்கித் தண்ணீர் ஏற்றும் பம்ப் உண்டு, மீடியாவைக் கூடை கூடையாக வெளியே எடுக்கலாம். ஓவாஸே பயோமாஸ்டரில் முன்வடிகட்டியை மட்டும் தனியாக உருவிக் கழுவலாம், முழு டப்பாவைத் திறக்க வேண்டாம். அதன் தெர்மோ வகையில் ஹீட்டரும் உள்ளேயே உட்காரும், டிசம்பர் பெங்களூருக்கு வசதி. மூன்றாவது எய்ஹைம் கிளாசிக் 250, பழையவர்கள் 2213 என்பார்கள். மணிக்கு 440 லிட்டர், 8 வாட். 1949இல் தொடங்கிய ஜெர்மன் நிறுவனம். பார்க்க எவர்சில்வர் தூக்குவாளிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும், கூடையும் கிடையாது பம்ப் பொத்தானும் கிடையாது. தண்ணீர் அடியில் நுழைந்து மீடியா வழியே மேலேறி வெளியே போகும், குறுக்கு வழியில் தப்பிக்க இடமில்லை.

திறந்து மூடும் சுலபத்தில் ஃப்ளூவல்தான் முதலிடம், மறுக்க மாட்டேன். மீன் அதிகம் இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். ஆனால் பழுதாக அதிகம் உறுப்பில்லாத சாமான் மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு. தவிர, அதே கடையில் எய்ஹைமின் ஷாஃப்டும் ரப்பர் குப்பியும் சின்ன உறையில் தொங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். ஃபில்டரோடு ஒரு ஷாஃப்ட், ஒரு ஓ-ரிங், இரட்டை வால்வு இரண்டும் சேர்த்து வாங்கினேன். இரட்டை வால்வு இல்லாமல் இந்த மாடலைக் கழற்றினால் ஹால் குளமாகிவிடும்.

கரண்ட் கணக்கும் பார்த்தேன். 30 வாட் நாள் முழுக்க ஓடினால் வருடத்துக்கு 263 யூனிட், 8 வாட் என்றால் 70. மாதத்துக்குப் பதினாறு யூனிட் மிச்சம். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும் என்பதால், வெயில் மாதங்களில் எங்களுக்கு அந்தப் பதினாறு பெரிய விஷயம்.

மாற்றியது எப்படி

ஒரே நாளில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் அம்மோனியா ஏறி மீன் சாகலாம். பழைய செராமிக் ரிங்கில் பாதியைப் புதியதற்குள் போட்டு, இரண்டையும் நான்கு வாரம் சேர்த்து ஓட்டினேன். அந்த நான்கு வாரம் வீட்டில் இரட்டைக் கச்சேரி. அத்தை நிலைமையைப் பார்த்துவிட்டு ஓசூரில் இருக்கும் சின்ன மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

புதிய ஃபில்டரும் முதல் மூன்று நாள் சரசரவென்று இரைந்தது. பயந்து திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். மீடியாவுக்குள் ஒளிந்திருக்கும் காற்று அது. இரு கையாலும் டப்பாவைப் பிடித்து, தூளியாட்டுவது போல மெதுவாகச் சாய்த்து நிமிர்த்தினால் ஸ்ப்ரே பாரில் குமிழி குமிழியாக வெளியேறும். நாலாம் நாள் அலமாரிக் கதவைத் திறந்து கையை வைத்துப் பார்த்துத்தான் ஓடுகிறதா என்று தெரிந்துகொண்டேன்.

ஜூனில் அத்தை திரும்பி வந்தார். முதல் வாரம் காலண்டர் தாளில் ஒன்றும் எழுதவில்லை. ஆகஸ்டில் ஒரு காலை, காப்பி குடித்துக்கொண்டே, "மாப்ள, நேத்து ராத்திரியிலேருந்து டிக் டிக்னு ஒண்ணு" என்றார். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் இந்தத் தடவை வாதாடாமல் மோட்டார் தலையைக் கழற்றினேன். இம்பெல்லர் குழிக்குள் அரிசி மணி அளவில் ஒரு நத்தை, முறுக்கிய கூட்டோடு, உயிரோடு. குஞ்சாக ஜல்லடைக்குள் நுழைந்து உள்ளேயே வளர்ந்திருக்கும். உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"இவன்தானா குடைஞ்சான்?" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "பாவம், தண்ணியிலேயே விடுங்க."